உலு திராமில் பன்னிரண்டாம் உருப்படி

பன்னிரண்டு உருப்படிகளுக்குப் பெயர் சொல்வதற்காக நான் கடல் தாண்டினேன். அறுபத்தாறு வயதில் வேறு எவனும் இதற்காக எட்டு நாள் கப்பலில் வாந்தி எடுத்திருக்க மாட்டான்.

என் மகள் விசாலம் மூன்று கடிதம் எழுதிவிட்டாள். அவள் கணவர் சோமசுந்தரம் ஜோகூரில், உலு திராமுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. அங்கே முன்பு இருந்த துரை ஐரோப்பாவின் பெரிய யுத்தத்துக்குப் போய்த் திரும்பியவர். திரும்பும்போது யுத்தகளத்துச் சாமான்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து பங்களாவை நிரப்பிவிட்டார். மூன்று வருஷத்துக்கு முன் அவர் சீமைக்கே போய்விட்டார், சாமான்கள் போகவில்லை. அடுத்து வந்தவர் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது வந்திருக்கும் புது துரைக்கு அவற்றைக் கண்டாலே ஆகவில்லை. ஒவ்வொன்றும் இன்னதென்று பட்டியல் எழுதிப் போலீஸிடம் கொடுக்க வேண்டும், பட்டியல் தப்பாக இருந்தால் வேறு கிராணி பார்த்துக்கொள்வேன் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டார். நானோ சென்னையில் ராணுவ ஆயுதக் கிடங்கில் முப்பத்தொரு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன். விசாலத்துக்கு அப்போது ஏழாம் மாதம். போகாமல் என்ன செய்வது?

ஜோகூர் பாருவில் கால் வைத்ததும் மழை. நம் ஊரில் மழை வருவதற்கு முன் கொஞ்சம் மரியாதையாக இருட்டும், காற்று அடிக்கும், துணி எடுக்க நேரம் கொடுக்கும். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தலையில் கொட்டுகிறது. முதல் நாள் மட்டும் நான்கு முறை நனைந்து மூன்று முறை காய்ந்தேன்.

உலு திராம் போகும் வண்டியை பஸ் என்று சொல்வது மரியாதைக்காகத்தான். பன்னிரண்டு பேர் உட்காரும் பெட்டிக்குள் பதினேழு பேர், நான்கு கோழிக்கூடைகள், ஒரு சைக்கிள். இரண்டு மைலுக்கு ஒருமுறை முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பும். சீனச் சாரதி இறங்கி, பிஸ்கட் டின்னில் சாக்கடைத் தண்ணீர் மொண்டு ஊற்றுவார். ஐந்தாவது முறை என் பக்கத்திலிருந்த பருத்த மலாய்க் கிழவர் ஏதோ சொல்ல, சாரதியும் பதில் சொல்ல, வண்டியே சிரித்தது. எனக்கு எதிரே இருந்த தமிழர் மொழிபெயர்த்தார்.

"என் எருமைகூட இத்தனை தடவை தண்ணி குடிக்காதுங்கறாரு பெரியவரு. அப்ப எருமை மேலயே ஏறிப் போங்க, ரெண்டு ஆளு எடம் மிச்சம்கறான் டிரைவரு."

உலு திராம் கடைத்தெருவில் நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் ஒருவர் காப்பிக்கடை வைத்திருந்தார். காப்பி கொண்டுவந்தார். அதில் அடிவரைக்கும் டப்பாப் பால் ஊற்றி, சர்க்கரையும் போட்டிருந்தார். எண்ணிப் பார்த்தேன், நான்கு கரண்டி. பசும்பால் இல்லையா என்றேன்.

"அலமாக்! இந்தக் காட்டுல பசுவுக்கு நான் எங்க போவேன் பெரியவரே? புலிப்பால்னா சொல்லுங்க, ஏற்பாடு பண்ணலாம்."

நான் சிரிக்கவில்லை. அவர் சிரித்தார். அங்கிருந்து ஐந்து மைல் மாட்டுவண்டி. செம்மண் சேற்றில் மூன்று முறை சக்கரம் இறங்கியது. இருபுறமும் ரப்பர் மரம், ரப்பர் மரம், ரப்பர் மரம். ஒரு வரிசையில் எத்தனை என்று எண்ண ஆரம்பித்தேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால் எண்ணிய மரத்தையே மறுபடி எண்ணுகிறேனோ என்று சந்தேகம் வந்து விட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள் விடியும் நேரத்தில் ஒரு சத்தம் என்னைக் கட்டிலிலிருந்து தூக்கிப் போட்டது. தொண்டை கட்டினவன் இருமுவது போலப் பத்து அடி. பிறகு அதைவிடக் கூர்மையாகப் பதினைந்து அடி. மொத்தம் இருபத்தைந்து.

"பெரட்டு மணி அப்பா" என்றாள் விசாலம். லயம் எனும் வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர்கள் காலையில் ஒரு மரத்தடியில் வந்து வரிசையாக நின்று பெயர் கொடுப்பதற்குப் பெரட்டு என்று பெயராம். மாப்பிள்ளை செக்ரோல் என்ற ஆஜர் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அதற்குள் போய்விட்டிருந்தார். எண்பத்தாறு பேருக்கும் அவர்தான் அதில் கோடு போட வேண்டும்.

எட்டு மணிக்கு அவரே என்னைப் பங்களாவுக்கு அழைத்துப் போனார். புது துரை சிங்கப்பூருக்குப் போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார். மாப்பிள்ளை தாமாக எழுதிவைத்திருந்த பட்டியலை வாங்கிப் பார்த்தேன். எனக்குத் தலை சுற்றியது.

"உடைந்த தொலைநோக்கி, ஒன்று" என்று எழுதியிருந்தார். அது உடையவில்லை, தொலைநோக்கியும் இல்லை. பீரங்கியைக் குறிபார்த்துத் திருப்புவதற்கான கருவி. பக்கத்தில் வளைந்திருப்பதால் உடைந்தது என்று முடிவு கட்டிவிட்டார். "பெரிய குப்பி துலக்கும் பிரஷ்" என்று எழுதியிருந்தது பீரங்கிக் குழாய்க்குள் விட்டுத் துடைக்கும் பிரஷ். அதைப் பங்களாச் சமையல்காரர் புட்டுக் குழாய் கழுவ வைத்துக்கொண்டிருந்தார். குண்டு சுமக்கும் தோலுறையில் முட்டை இருந்தது. எண்ணினேன், பதினொன்று.

"இது என்ன மாமா? விளையாட்டுச் சாமானா?" என்று நான்கு முள் உள்ள ஓர் இரும்பைக் காட்டினார். எப்படிப் போட்டாலும் மூன்று முள் தரையில் ஊன்றி ஒரு முள் மேலே நிற்கும், குதிரையின் குளம்பில் ஏறுவதற்கு என்று சொல்லித் தரையில் போட்டுக் காட்டினேன். சரியாக நின்றது. மாப்பிள்ளை அடுத்த பெட்டியைப் பார்க்கத் திரும்பி அதையே மிதித்துவிட்டார். செருப்பு தடிமனாக இருந்ததால் கால் பிழைத்தது.

மத்தியானத்துக்குள் பதினொரு உருப்படிகளுக்குப் பெயர் எழுதிவிட்டேன். பதினொன்றாவது, வராந்தாவில் தொங்கிய சாப்பாட்டு மணி. பதினெட்டுப் பவுண்டு பீரங்கியின் பித்தளைத் தோட்டாக் கூடு அது. சமையல்காரர் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். கோயில் மணி போல நாதம். ஆனால் பெட்டி மூடியின் உட்புறம் பழைய துரை தம் கையால் எழுதி ஒட்டிய தாளில் பன்னிரண்டு வரி இருந்தது. பன்னிரண்டாவது வரி: பதினெட்டுப் பவுண்டு பீரங்கியின் குண்டு, ஒன்று.

"அதுவா?" என்றார் சமையல்காரர். "கங்காணி வாங்கிட்டுப் போயிட்டாருங்க. பெரட்டுல தொங்கின தண்டவாளத் துண்டு பிளந்துபோச்சு. பங்களாவுல மணியாத் தொங்குதுல்ல, அதே சாதிதானே, ஒண்ணு குடுன்னாரு. துரை கப்பலேறினப்புறம் நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

வேர்க்கடலைத் தோலும் பருப்பும் ஒரே சாதிதான். அதற்காக இரண்டும் ஒன்றா? மணியாகத் தொங்குவது, சுட்ட பிறகு மிஞ்சுகிற வெற்றுக் கூடு. குண்டு என்பது அதிலிருந்து பறந்துபோய் வெடிக்கிறது.

குடையை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன். பெரட்டு மரம் ஒரு பெரிய ரம்புத்தான் மரம். அதன் கிளையில் சங்கிலி போட்டுக் குண்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்கு வெள்ளையும் சிவப்புமாகக் கோயில் சுவர் மாதிரிப் பட்டை அடித்து, சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். மூக்கில் பித்தளை பியூஸ் அப்படியே இருந்தது. பியூஸ் என்பது குண்டை வெடிக்கவைக்கிற உறுப்பு. அதன் மேல் பொட்டுப் பொட்டாகப் பள்ளம்.

கூலியாட்களை மேய்க்கும் கங்காணி கருப்பையா அங்கே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும், என்னைவிட இரண்டு மடங்கு தோள்.

"இந்தப் பள்ளமெல்லாம் எப்படி வந்தது?" என்றேன்.

"நான் அடிச்சதுங்க" என்றார் பெருமையாக. "ஒடம்புல அடிச்சா இதுக்குச் சத்தம் வராதுங்க மெட்ராஸ் ஐயா, பொத்து பொத்துன்னும். மூக்குல அடிச்சாத்தான் கணீர்ங்கும். மொத ஒரு மாசம் எனக்கே தெரியல. அப்புறம் கண்டுபிடிச்சேன்."

உள்ளே வெறுமையாக இருந்தால் உடம்பில் அடித்தாலே நாதம் வரும் என்று நான் சொன்னேன். நிரம்பியிருப்பதால்தான் பொத்தென்கிறது. உள்ளே இருப்பது வெடிமருந்து. அடிப்பக்கத்துச் செப்பு வளையத்தில் பீரங்கிக் குழாயின் கீறல் இல்லை, ஆகவே இது சுடப்பட்டதே இல்லை. சுடாத குண்டின் பியூஸுக்குள் ஒரு தடுப்பு இருக்கும்; அதனால்தான் நீர் இன்னும் வெற்றிலை போடுகிறீர் என்றேன்.

"மூணு வருசமா அடிக்கறேன் ஐயா. அதுக்குக் கோவம் வரணும்னா எப்பவோ வந்திருக்கும்."

நான் கணக்குப் போட்டேன். வருஷத்துக்கு முந்நூற்றுப் பத்து நாள் வேலை, மூன்று வருஷம், தினம் இருபத்தைந்து அடி. இருபத்து மூவாயிரத்து இருநூற்று ஐம்பது. அதில் ஐந்தில் மூன்று பங்கு பியூஸின் மேல். உரக்கச் சொன்னேன். கங்காணி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. எங்கள் கிடங்கில், மருந்து நிரப்பிய குண்டுக்கு மூக்கின் கீழ் ஒரு சிவப்பு வளையம் போட்டிருக்கும். அதைக் காட்டினால் இவர் வாயடைத்துப் போவார் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். ஒன்பது சிவப்பு வளையம் இருந்தது.

"ஆயுத பூசைக்கு நாங்க அடிச்சதுங்க" என்றார் கங்காணி. "கத்தி, வாளி, மண்வெட்டி எல்லாத்துக்கும் பொட்டு வைக்கறோம், மணிய மட்டும் விட்டா நல்லாவா இருக்கு? வருசா வருசம் ஒரு கோட்டிங்கு."

அன்று சாயங்காலம் மாப்பிள்ளையிடம் சண்டை. அவர் சத்தமே போடாமல் பேசுகிறவர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"திங்கக்கெழமை துரை வரட்டும் மாமா. அவர்கிட்ட சொல்லலாம். நாமளா மணிய நிறுத்தி, பெரட்டு கூடாமப் போச்சுன்னா என்னைத்தான் கேப்பாரு."

"திங்கட்கிழமைக்குள் இன்னும் எழுபத்தைந்து அடி இருக்கிறது மாப்பிள்ளை. அடிக்கும்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?"

அவர் செக்ரோலைத் திறந்து வைத்துக்கொண்டார். விசாலம் சொன்னாள். "அந்த மரத்துல சாஞ்சுக்கிட்டுத்தாம்பா செக்ரோல் எழுதுவாரு."

மூன்றாம் நாள் விடியுமுன்பே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரட்டு மரத்தடியில், குண்டுக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்துவிட்டேன். கொசு கடித்தது. இடது காலில் பதினான்கு வரை எண்ணினேன். கங்காணி இரும்புக் கம்பியோடு வந்தார். லாந்தரைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார்.

"எந்திரிங்க ஐயா."

"மாட்டேன்."

"ஒங்க தலைமேல அடிபடும்."

"படட்டும்."

"கிராணி ஐயா மாமனாருன்னு பாக்கறேன். இந்த மணி அடிக்கறதுதான் எனக்குக் குடுத்த வேலை. நான் அடிக்காட்டி ஒரு பய எந்திரிக்க மாட்டான்."

அவர் சொன்னது தவறாகப் போயிற்று. மணி அடிக்காமலே லயத்தில் செய்தி பரவிவிட்டது. மெட்ராஸ் ஐயா மணிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறார், கங்காணி கம்பியோடு நிற்கிறார் என்று ஆணும் பெண்ணும் ரப்பர்ப் பால்வாளியோடு ஓடிவந்தார்கள். மாப்பிள்ளை செக்ரோலைத் திறந்தார். எண்பத்தாறு பேரில் எண்பத்தாறு பேரும் வந்திருந்தார்கள். இப்படி ஒரு நாள் அவர் உத்தியோகத்தில் வந்ததே இல்லையாம்.

"கப்பல்ல வந்த தலைச்சுத்தல் இன்னும் எறங்கல ஐயாவுக்கு" என்றான் ஒருவன்.

"கங்காணி, பூசாரிய வச்சு மந்திரிச்சு விடுங்க" என்றான் இன்னொருவன்.

சுற்றிலும் சிரிப்பு. முப்பத்தொரு வருஷம் என் மேஜையில் ஒரு குண்டுகூடக் கணக்குத் தப்பியதில்லை. இங்கே என்னை மந்திரிக்கச் சொல்கிறார்கள். எழுந்து, மருந்து நிரம்பிய குண்டுக்கு ஓர் எடை, வெற்றுக் குண்டுக்கு ஓர் எடை, எனக்கு இரண்டும் மனப்பாடம் என்று கத்தினேன். அப்போது பால்வெட்டும் பெண் ஒருத்தி, முனியம்மா என்று பெயர், வாளியைத் தரையில் வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"எடை போட்டாத் தெரியும்ங்கறாருல்ல? போட்டுப் பாருங்களேன் கங்காணி. நாங்க கொண்டாற பாலை மட்டும் சொட்டு விடாம நிறுக்கறீங்க."

இதற்கும் சிரிப்பு, ஆனால் கங்காணியைப் பார்த்து. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஸ்டோரிலிருந்து சீனத் தூக்குக்கோலைக் கொண்டுவரச் சொன்னார். எல்லோரையும் தள்ளிப் போகச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளையைப் போகச் சொன்னேன். கோலில் எழுத்துப் படிக்க ஆள் வேண்டும் மாமா என்று நின்றுவிட்டார்.

இந்த ஊரில் பவுண்டு என்கிற ராத்தல் கிடையாது; காத்தி. ஒரு காத்திக்குப் பதினாறு தாயில். மூன்று காத்தி சேர்ந்தால் நம் நான்கு ராத்தல். பியூஸோடு, மருந்தோடு அந்தக் குண்டு பதினெட்டரை ராத்தல் இருக்க வேண்டும். மருந்து இல்லாவிட்டால் முக்கால் ராத்தலுக்கு மேல் குறையும். கணக்குப் போட்டு ஒரு துண்டுத் தாளில் எழுதி, மடித்து முனியம்மாவிடம் கொடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, அதனால்தான் கொடுத்தேன்.

கங்காணி ஒரு கையால் சங்கிலியை அவிழ்த்து, தேங்காயைத் தூக்குகிற மாதிரி மறுகையால் குண்டைத் தூக்கிக் கயிற்றில் கட்டிக் கோலில் மாட்டினார். மாட்டும்போது அது மரத்தில் ஒரு முறை இடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாப்பிள்ளை கல்லை நகர்த்தி நகர்த்திக் கோல் சமமாகும்வரை பார்த்தார்.

"பதிமூணு காத்தி" என்றார். "பதினாலு தாயில். ஒரு நூல் கூட இருக்கு."

அந்த ஒரு நூல் மூன்று வருஷத்து ஆயுத பூசை வர்ணம். மாப்பிள்ளை முனியம்மாவிடமிருந்து தாளை வாங்கிப் பிரித்தார். பதின்மூன்று காத்தி, பதினான்கு தாயில். உரக்கப் படித்தார். படித்த பிறகு அவர் குரல் அடங்கிப்போய், "எல்லாரும் லயத்துக்குப் போங்க" என்றார். இந்த முறை எல்லோரும் கேட்டார்கள்.

கங்காணி கோலைப் பிடித்தபடியே நின்றார். "இறக்குங்கள், மெதுவாக" என்றேன். இறக்கினார். வாளி ஒன்றில் ரப்பர்த் துண்டுகளைப் போட்டு அதற்குள் குண்டை வைக்கச் சொன்னேன். சற்று முன் ஒரு கையால் தூக்கியவர் இப்போது இரண்டு கையாலும் ஏந்தி வைத்தார். வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதை மரத்தடியில் விட முடியாது. லயம் முப்பது அடியில் இருக்கிறது. சதுப்போரம், பழைய செங்கல் சூளைக் குழிக்குக் கொண்டுபோக வேண்டும். பால்வாளி தூக்கும் காண்டாக் கம்பை எடுத்து வாளியின் பிடியில் விட்டேன். மாப்பிள்ளை ஒரு முனையைப் பிடித்தார்.

"விடுங்கள்" என்றேன். "விசாலத்துக்கு ஏழாம் மாதம்."

"ஒங்களுக்கு வயசாச்சு மாமா."

"அதனால்தான் சொல்கிறேன்."

கங்காணி எழுந்து வந்து அந்த முனையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். நாங்கள் இரண்டு கிழவர்களும் நடந்தோம். நடுவில் வாளி ஆடியது.

"வேகமாப் போறீங்க ஐயா."

"நீர் தள்ளுகிறீர்."

"நான் தள்ளல. ஒங்களுக்குத்தான் தூக்கிப் பழக்கமாச்சே, ஒங்க நடைக்குத்தான் வர்றேன்."

எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "எனக்குப் பழக்கம் இல்லை. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு குண்டைக்கூட நான் தொட்டதில்லை. கூலியாட்கள் தூக்குவார்கள். நான் புத்தகத்தில் எழுதுவேன்."

பின்னால் கங்காணியின் நடை ஓர் அடி தப்பியது. பிறகு, "நல்லவேளை, மரத்தடியில சொல்லல" என்றார்.

நானூற்றுப் பன்னிரண்டு அடி நடந்து குழிக்குள் இறக்கினோம். மாப்பிள்ளை சைக்கிளில் உலு திராமுக்குப் போய்ப் போலீஸில் எழுதிக் கொடுத்தார். அவர்கள் சிங்கப்பூருக்குத் தந்தி அடித்தார்கள். நான்காம் நாள், ஐந்தாம் நாள் யாரும் வரவில்லை. கங்காணி காலையில் லயம் லயமாகப் போய்க் கதவைத் தட்டி எழுப்பினார். பெரட்டு இருபது நிமிஷம் தாமதமாகக் கூடியது. அந்த இரண்டு நாளும் எனக்கு வயிற்றுப்போக்கு. புளிக்குப் பதில் ஏதோ ஒரு காயைப் போட்டு விசாலம் குழம்பு வைத்ததுதான் காரணம்.

ஆறாம் நாள், திங்கட்கிழமை, துரை வருவதற்கு முன்பே லாரியில் ஒரு வெள்ளைக்காரச் சார்ஜெண்டும் இரண்டு சிப்பாய்களும் வந்தார்கள். சார்ஜெண்ட் குழிக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறி வந்தார். முகம் வெளுத்திருந்தது, பிறகு சிவந்தது.

"இதை இங்கே கொண்டுவந்தது யார்?"

நான் முன்னால் போய் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். இரண்டு கிழட்டு முட்டாள்கள் என்றார். அதைத் தொட்டிருக்கவே கூடாதாம், இருந்த இடத்தில் விட்டு ஊரையே காலி பண்ணியிருக்க வேண்டுமாம், பியூஸின் உள்தடுப்பு அடிபட்டு நசுங்கி மயிரிழையில் நிற்கிறதாம். என் பட்டியலை நீட்டினேன். பன்னிரண்டாவது வரியை மட்டும் படித்தார், தலையை ஆட்டினார், பென்சிலால் அதை அடித்துவிட்டார். மற்ற பதினொன்றையும் பார்க்கவேயில்லை. அரை நாள் உழைப்பு.

எல்லோரையும் ரோட்டுக்கு அப்பால் வரிசையாக நிறுத்திவைத்தார்கள். சிப்பாய்கள் கம்பி இழுத்தார்கள். சார்ஜெண்ட் கையை இறக்கினார்.

சத்தத்தை நான் காதால் கேட்டேன் என்று சொல்ல முடியாது, நெஞ்சில் கேட்டேன். குழி இருந்த இடத்தில் சேறு பனைமர உயரம் எழும்பியது. செங்கல் துண்டுகள் ரப்பர் மரங்களுக்குள் சடசடவென்று விழுந்தன. ஒரு மரம், தொடைப் பருமன் இருக்கும், நடுவில் முறிந்து மெதுவாகச் சாய்ந்தது. குழியிலிருந்து அது நின்ற தூரம், பெரட்டு மரத்திலிருந்து முதல் லயத்துக்கு உள்ள தூரம்.

கங்காணி கருப்பையா திரும்பி எங்களைப் பார்த்தார். பிறகு வரிசையின் அந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொருவர் தோளிலும் கை வைத்து, வாய்க்குள் ஓர் எண் சொல்லி, அடுத்தவரிடம் போனார். முனியம்மா தோளில் வைத்தார். என்னை மந்திரிக்கச் சொன்னவன் தோளில் வைத்தார். கடைசியில் மாப்பிள்ளையிடம் வந்தபோது கையை எடுக்கச் சற்று நேரமாயிற்று.

பிறகு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். நானும் கூடவே எண்ணினேன். இரண்டு முறையும் சரியாக இருந்தது.